புரட்டிப் பிடித்த படம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பயமெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் தோட்டத்தில் இருந்த இருபது சொச்ச வருடமும் அவர் எங்களை 'ஏய்', 'இந்தாம்மா' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை. எங்கள் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் பெயர் எனக்கும் தேவைப்படாது. டிஸ்பென்சரி ஐயா என்றே இருக்கட்டும்.

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அதன் மருந்துச்சாலைக்குப் பொறுப்பானவர் அவர். டொக்டர் இல்லை. காய்ச்சலுக்குக் குளிசை, காயத்துக்குக் கட்டு, வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு லீவு கேட்டு ஒரு துண்டுச் சீட்டு, இதுதான் அவருடைய உத்தியோகம். அதை ஒழுங்காகச் செய்துகொண்டு கிடந்திருந்தால் என் அம்மாவின் வலது கை இன்றைக்கு இப்படி இருக்காது. நானும் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவருக்கு ஒரு பித்து இருந்தது. படம் பார்க்கிற பித்து. எக்ஸ்ரே, மூளைப் படம், முதுகுப் படம், எதுவானாலும் சரி. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் முதலில் உறையைப் பிடுங்குவார். உள்ளே இருக்கும் கடிதத்தைத் தொடவே மாட்டார். படத்தை மட்டும் உருவிக்கொண்டு ஜன்னலுக்குப் போய், இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி நிற்பார். நோயாளி அவருடைய முதுகுக்குப் பின்னால் வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே பாதிச் சனம் கும்பிடும்.

"மனுசன் பொய் சொல்லுவான். படம் பொய் சொல்லாது." இது அவருடைய மந்திரம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கவ்வாத்து வெட்டப் போன ஒருவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டு அரிவாள் மாதிரி வளைந்து வந்து நின்றார். வலி தாங்காமல் கையை நீட்டிக் காட்டினார். ஐயா திரும்பியே பார்க்கவில்லை.

"கையை எதுக்குக் காட்டுற? படத்தைக் காட்டு."

"படம் இன்னும் எடுக்கலீங்க ஐயா."

"அப்ப நான் எதைப் பாக்கிறது?"

கேட்டீர்களா நியாயத்தை! கண்ணுக்கு முன்னால் வளைந்து கிடக்கிற எலும்பு அவருக்குத் தெரியாது. அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டு வந்தால்தான் தெரியுமாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் மூட்டம்தான். மூட்ட நாளில் ஜன்னலில் வெளிச்சம் இருக்காது. அப்போது யாராவது படத்தோடு போனால், "மூட்டமா இருக்கு, வெயிலடிச்சா வா" என்று அனுப்பிவிடுவார். படத்தை வைத்துப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. அதன் பல்ப் போய் எத்தனையோ காலம். மாற்றித் தரும்படி ஒரு கடுதாசி எழுத ஐயாவுக்கு நேரமில்லை. அதன் மேல் கலண்டரைத் தொங்கவிட்டிருந்தார். கேட்டால், "இயற்கை வெளிச்சந்தாம்மா சுத்தம்" என்பார். நெஞ்சுச் சளியோடு கிழடுகட்டைகள் படத்தைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு வெயிலுக்காக நாள்கணக்கில் காத்துக்கிடக்கும்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி நடந்தது இது. எதிர் லயத்து வரிசை வீட்டு அக்கா முழங்காலை ஸ்கேன் பண்ணிக்கொண்டு வந்தாள். அங்கே படத்துக்குப் பதிலாக ஒரு சீடியைக் கொடுத்துவிட்டார்கள். ஐயா அதை வாங்கினார். சத்தியமாகச் சொல்கிறேன், அதையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். நடு ஓட்டையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். திருப்பினார். அந்தப் பக்கம் மினுங்கியது.

"தேய்மானம் இருக்கு. கீறல் கீறலா தெரியுது பாரு."

கீறல் சீடியில் இருந்தது, அக்காவின் முழங்காலில் இல்லை. அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்து சொன்னாள், லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் ஊரில் இலுப்பைப்பூவும் கிடையாது, இவர்தான் இருந்தார். ஆனால் ஒன்று, அவர் முகத்துக்கு நேரே யாரும் சிரித்ததில்லை. துண்டு எழுதுகிற கை அவருடையது.

இனி அம்மாவின் கதை.

அம்மா இரண்டு கையாலும் கொழுந்தெடுப்பவள். எல்லோரும்தான் எடுப்பார்கள், ஆனால் அம்மாவின் கை ஓடுவதை நின்று பார்ப்பார்கள். அவள் நிரை முடித்துவிட்டு அடுத்தவள் நிரைக்கும் கை கொடுப்பாள். ஒரு நாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து மலைக்கு ஏறி அரை மணி நேரம் இருக்கும். வலது கை பறித்த கொழுந்து கூடைக்குள் விழாமல் கீழே விழுந்திருக்கிறது. குளிரில் மரத்துப் போயிருக்கிறது என்று நினைத்துக் கையை உதறியிருக்கிறாள். உதறவும் வரவில்லை. பக்கத்தில் நின்றவள் பார்க்கும்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கொழுந்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேயிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் மூளைப் படம் எடுத்தார்கள். வார்டில் இருந்த டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை. தமிழ் அரைகுறைதான், ஆனால் பொறுமைசாலி. படத்தின் உறையிலேயே ஒரு தலை வரைந்தாள். தலையின் இடது பக்கத்திலிருந்து ஒரு கோடு இழுத்தாள். அது கீழே வந்து கழுத்துக்கு மேலே மறுபக்கம் மாறி, வலது கையில் போய் முடிந்தது. கை அசையச் சொல்லும் கட்டளை இந்தப் பாதையில்தான் இறங்குகிறதாம். இரத்தக் குழாய் அடைத்ததில் பாதையின் ஓரம் கெட்டுவிட்டது. முழுதாக அறுபடவில்லை. படத்தில் அந்த வெள்ளைப் பொட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினாள். அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "மே பார தாம தியெனவா, அம்மே" என்றாள். இந்தப் பாதை இன்னும் இருக்கிறது, அம்மா. சிங்களம் அப்பாவுக்கும் நன்றாகப் புரியும். அவர் கண் கலங்கியது.

கையை அசைக்க வேண்டும், தினமும், விரல் விரலாக. இடது கையால் செய்கிறதைக்கூட வலது கையால் செய்யப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதம்தான் முக்கியம், அதை வீணாக்கக் கூடாது. இதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடிதத்திலும் எழுதிக் கொடுத்தாள். நாங்கள் வருவதற்கு முதல் நாள் அம்மாவின் பெருவிரல் ஒரு நெல்லளவு அசைந்தது.

தோட்டத்துக்கு வந்தவுடன் டிஸ்பென்சரிக்குப் போயே ஆக வேண்டும். லீவுக்குத் துண்டு வேண்டுமே. அப்பா அம்மாவைத் தாங்கிக்கொண்டு இறங்கினார். "மூட்டமா இருக்கு, வெயிலடிச்சா வா." மறுநாளும் அதே பாட்டு. மூன்றாம் நாள் வெயில் வந்தது.

அப்பா கொஞ்சம் விவரமானவர். ஐயாவைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். உறையில் வரைந்திருந்த தலையை மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் நீட்டினார். கண்டியில் என்ன சொன்னார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. ஐயா ஜன்னலுக்குப் போனார். தூக்கிப் பிடித்தார். நான் வாங்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். படத்தின் மூலையில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியிருந்தன. அந்த மனிதர் படத்தைப் புரட்டிப் பிடித்திருந்தார்.

"இடது மூளை" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். 'பாத்தியா!' என்று கண்ணாலேயே சொன்னார். டொக்டரும் இடது என்றுதானே சொன்னாள்!

பிற்பாடு இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது விளங்கியது. எதிரே நிற்கிறவரின் இடது கை நமக்கு வலது பக்கம் இருக்கும் அல்லவா, மூளைப் படமும் அப்படித்தான். நோயாளியின் இடது, பார்க்கிறவருக்கு வலது பக்கம் வரும். ஐயாவுக்கு அது தெரியாது. அவர் புரட்டிப் பிடித்ததால் அது அவருடைய இடது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கம் தெரிந்ததை இடது என்று சொல்லிவிட்டார். இரண்டு தப்பும் சேர்ந்து ஒரு சரியாகிவிட்டது. அந்த ஒரு சரியை நம்பித்தான் அப்பா அம்மாவின் கையை அவரிடம் ஒப்படைத்தார்.

"நரம்பு செத்துப்போச்சு" என்றார் ஐயா, ஜன்னலைப் பார்த்தபடியே. "இந்தா வெள்ளையா இருக்கே, இது செத்த இடம். செத்தது செத்ததுதான்."

"கண்டியில கைய ஆட்டச் சொன்னாங்களே ஐயா" என்றார் அப்பா.

"பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க ஆறுதலுக்குச் சொல்லுவாங்க. செத்த நரம்பப் போட்டு இழுத்தா, பக்கத்துல உசுரோட இருக்கிற நரம்பும் சேர்ந்து அறுந்துரும். அப்புறம் காலும் போயிரும். கைய நெஞ்சோட சேத்துக் கட்டு. மூணு மாசத்துக்குக் குளிக்கிறதுக்குத் தவிர அவுக்காத."

அம்மா வாங்கிலிருந்து மெல்லக் குழறினாள். "ஐயா, பெருவிரலு கொஞ்சம் அசையுதுங்க."

அசைத்தும் காட்டினாள். நான் பார்த்தேன், அப்பா பார்த்தார். வாசலில் நின்ற இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அசையிறது முக்கியமில்லம்மா. படத்துல இல்ல. மனுசன் பொய் சொல்லுவான், படம் பொய் சொல்லாது."

தூ! பெருவிரல் பொய் சொல்லியதாம்.

பழைய சேலையைக் கிழித்துக் கையைக் கட்டினோம். தினமும் காலையில் குளிப்பாட்டிய பிறகு திரும்பக் கட்ட வேண்டும். கழுத்துக்குப் பின்னால் முடிச்சு. முதல் மாதம் துணிக்குள்ளே பெருவிரல் அசைவது வெளியே தெரியும். அப்பா பதறிப்போய், "ஆட்டாத புள்ள, ஆட்டாத" என்று கெஞ்சுவார். அம்மா சொன்ன சொல் கேட்கிறவள். இரண்டாம் மாதம் துணி அசையவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கண்டிக்குக் கிளினிக்குக்குப் போனோம். அதே டொக்டர் பிள்ளை. கட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. அவிழ்த்தாள். கை அவிழவில்லை. முழங்கை மடங்கியபடி நின்றது. விரல்கள் ஐந்தும் உள்ளங்கைக்குள் இறுகிப் போயிருந்தன. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தப் பார்த்தாள், அம்மா வீரிட்டாள். "கவுத பெந்தே?" என்று கேட்டாள். யார் கட்டியது? அப்பா தரையைப் பார்த்தார். நான்தான், "டிஸ்பென்சரி ஐயா கட்டச் சொன்னாங்க" என்றேன். இனி வலி குறைய ஏதாவது செய்யலாம், கொழுந்தெடுக்க முடியாது என்றாள்.

அம்மாவின் பேரை மலை வேலையிலிருந்து வெட்டினார்கள். அப்பா அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஐயா மட்டும் ஜன்னலில் நின்றுகொண்டேயிருந்தார். அம்மாவின் கையைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "நான் அப்பவே சொன்னேனே, செத்துப்போச்சுன்னு" என்றாராம். அதை எவ்வளவு பெருமையாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்தாலே எனக்கு எரிகிறது.

நான் இப்போது கண்டியில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில் வேலை செய்கிறேன். நோயாளியைப் படுக்க வைப்பது, படம் எடுப்பது, உறையில் போட்டுக் கொடுப்பது. போன மாதம் ஒரு வயதானவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தலை போனாலும் அந்தத் தோரணை போகாது. கழுத்து வலியாம். வருடக்கணக்காக ஜன்னலில் அண்ணாந்து நின்றால் கழுத்து தேயாமல் என்ன செய்யும்? என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் முகத்தை அவர் எப்போது பார்த்தார்?

படம் தயாரானதும் கொடுத்தேன். நாங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது, டொக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்றேன். காதில் வாங்கினால்தானே! உருவிக்கொண்டு நேரே நடைபாதை ஜன்னலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தார். மூலையில் எழுத்துகள் எல்லாம் திரும்பியிருந்தன.

நான் போய் அவர் கையிலிருந்த படத்தை வாங்கி, புரட்டித் திரும்பக் கொடுத்தேன்.

"ஐயா, மறுபக்கமாப் பிடிச்சிருக்கீங்க. எழுத்து திரும்பியிருக்கு பாருங்க."

அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. வானம் இடிந்து விழவும் இல்லை.

அவர் ஒன்றும் கூச்சப்படவில்லை. "எந்தப் பக்கம் பாத்தா என்னம்மா, படம் பொய் சொல்லாது" என்றார். பிறகு என் பேச்சைக் கேட்டு, எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். சொன்னேன். அங்கேயிருந்து இந்த வேலைக்கு அவரிடம் கடிதம் வாங்கிப் போனது நான் ஒருத்திதான். முகம் மலர்ந்துவிட்டது. என்னோடு வேலை செய்கிறவர்களைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்கு நன்னடத்தைக் கடுதாசி குடுத்தது ஆரு தெரியுமா? நாந்தான்! என் கடுதாசியிலதான் இங்க நிக்குது" என்றார்.

"ஆமாங்க ஐயா" என்றேன்.

உண்மைதான். இந்த நிலையத்தில் பயிற்சிக்குச் சேர இரண்டு பெரிய மனிதர்களிடம் கடிதம் கேட்டிருந்தார்கள். ஒன்றை என் பள்ளிக்கூட அதிபர் தந்தார். இன்னொன்றை ஐயா எழுதி, மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்றிருந்தார். நாங்கள் அம்மாவின் படத்தோடு போனது புதன்கிழமை.

அன்றைக்கு டிஸ்பென்சரியிலிருந்து வெளியே வந்ததும் அப்பா படியிலேயே நின்றுவிட்டார். பெருவிரல் அசைந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அவருக்கு மனம் ஒப்பவில்லை. என் கையைப் பிடித்துக் கேட்டார்.

"நீ இங்கிலீசு படிச்சவ. ஐயா சொல்றது சரியாத்தான் இருக்குமா, பாப்பா? சரியில்லன்னு நீ சொன்னா நான் கட்ட மாட்டேன்."

எழுத்து திரும்பியிருந்ததை நான் பார்த்திருந்தேன். படத்தைப் பிடிக்கவே தெரியாத மனிதர் என்பது எனக்கு அந்த நிமிடமே தெரியும். லாச்சிக்குள் கடிதம் இருந்தது.

"ஐயாவுக்குத் தெரியாததா அப்பா" என்றேன்.

கேப்பையில் நெய் வடிகிறது என்று அவர் சொன்னார். கேட்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று ஊரைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் புத்தி எங்கேயும் போகவில்லை, என்னிடமேதான் இருந்தது. தினமும் காலையில் அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் அந்த முடிச்சைப் போட்டதும் நான்தான். அப்பாவுக்கு நன்றாகக் கட்ட வராது.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தேன். அம்மாவின் வலது உள்ளங்கைக்குள் வேர்வை தங்கி நாறும், வாரத்துக்கு ஒரு தடவையாவது விரல்களைப் பிரித்துச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். தண்ணீர்ப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயா வந்திருந்ததைச் சொன்னேன்.

"நல்லா இருக்காரா? பாவம், உனக்குக் கடுதாசி குடுத்த மனுசன்" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "என்னயப் பத்திக் கேட்டாரா?" என்றாள்.

அவர் கேட்கவில்லை.

"கேட்டாரும்மா" என்றேன்.

மனிதன் பொய் சொல்லுவான் என்று அவர் சொன்னது ஒன்று மட்டும் சரிதான். அம்மாவுக்குச் சந்தோசம். நான் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு வந்தேன். பெருவிரலைக் கடைசியாகப் பிரித்தேன். அதுதான் எல்லாவற்றிலும் இறுக்கம்.